வாசல் விளக்கும் 12 அடி எலும்புக்கூடும்

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தை நான்கு வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. இலக்கியக் கேள்வி இல்லை, மன்னிக்கவும்.

நாங்கள் டெக்ஸாஸில், டாலஸுக்கு வடக்கே இருக்கிறோம். சொந்த வீட்டுக்கு வந்தபின் இது முதல் அக்டோபர். அபார்ட்மெண்டில் இருந்தவரை ஹாலோவீன் என்றால், அக்டோபர் 31 சாயங்காலம் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போக மகளுக்கு ஒரு உடை, ஒரு வாளி, அவ்வளவுதான். இங்கே எதிர்வீட்டுப் புல்வெளி முழுக்கப் பொம்மைக் கல்லறை. என் கணவர் ஹோம் டிப்போ கடையில் 12 அடி அலங்கார எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு வந்து தினமும் அதைப் பற்றியே பேசுகிறார். கும்பகோணத்திலிருந்து மாமியார் வந்திருக்கிறார். "குடியிருக்கிற வீட்டு வாசல்ல பொணத்தைத் தொங்கவிடுவாளா? அதுவும் தீபாவளி சமயத்துல?" என்கிறார். நடுவில் குடும்ப வாட்ஸப்பில் இரண்டு செய்திகள். ஹாலோவீன் சாத்தான் வழிபாடு என்கிறது ஒன்று. அது நம் மஹாளய அமாவாசைதான், இங்கிருந்து போனது என்கிறது இன்னொன்று.

மகளுக்கு ஏழு வயது. ஐந்து தோழிகளைக் கூப்பிட்டிருக்கிறாள். எங்கள் பீகிளுக்கும் எலும்புக்கூடு உடை வேண்டுமாம். என்ன சமைப்பது, நாயை என்ன செய்வது, மாமியாரிடம் என்ன சொல்வது?

எஸ்., டெக்ஸாஸ்

*

அன்புள்ள எஸ்.,

இலக்கியக் கேள்விகளுக்குப் பதில் எழுதி எனக்கும் அலுத்துவிட்டது. எலும்புக்கூடு பரவாயில்லை.

வாட்ஸப்பை முதலில் முடித்துவிடுவோம். ஹாலோவீனின் வேர் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருக்கிறது. அங்கிருந்த கெல்டிக் மக்களுக்கு நவம்பர் 1 குளிர்காலத்தின் தொடக்கம். கோடையில் மேட்டு நிலத்தில் மேய்ந்த மாடுகளைக் கீழே ஓட்டிவருவார்கள், நெருப்பு மூட்டுவார்கள். அந்த இரவில் இறந்தவர்கள் நடமாடுவார்கள் என்று நம்பினார்கள். அந்தப் பண்டிகையின் பெயரை எழுத்தில் பார்த்தால் 'சம்ஹைன்' என்று படிக்கத் தோன்றும். உச்சரிப்பு ஏறக்குறைய 'சாவின்'. நம் சாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தயவுசெய்து யாரும் இதையும் ஃபார்வர்ட் ஆக்கிவிடாதீர்கள். பிறகு திருச்சபை நவம்பர் 1ஐ எல்லாப் புனிதர்களுக்கும், 2ஐ இறந்த எல்லோருக்கும் ஒதுக்கியது. புனிதர்கள் நாளுக்கு முந்தின மாலை என்பதுதான் ஹாலோவீன் என்ற சொல்லுக்குப் பொருள். சாத்தான்? ஹாலோவீனுக்குப் பூசணிக்காயில் முகம் குடைந்து விளக்கு வைக்கிறார்களே, அதற்கு அயர்லாந்தில் ஒரு கதை சொல்வார்கள். ஜாக் என்ற குடிகாரன் சாத்தானையே ஏமாற்றிவிடுகிறான். செத்தபிறகு அவனைச் சொர்க்கமும் சேர்க்கவில்லை, நரகமும் சேர்க்கவில்லை. டர்னிப் கிழங்கைக் குடைந்து, உள்ளே ஒரு தணலை வைத்து, விளக்காகப் பிடித்துக்கொண்டு இன்னும் அலைகிறானாம். அந்த டர்னிப்தான் அமெரிக்கா வந்து பூசணியானது. சாத்தானுக்கு இதில் ஏமாளி வேஷம்தான்.

மஹாளயத்துக்கும் இதற்கும் ஒற்றுமை உண்டு, உறவு இல்லை. இறந்தவர்களை நினைக்க வருடத்தில் ஒரு பொழுது ஒதுக்குவது பல ஊர்களில் இருக்கிறது. எல்லாவற்றையும் நாம்தான் கப்பல் ஏற்றி அனுப்பினோம் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் ஹாலோவீனுக்கு நிஜமாகவே சொந்தக்காரர் வேறொருவர் இருக்கிறார். கல்லறைத் திருநாள். நவம்பர் 2 அன்று கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைக்குப் போய்ப் புல் செதுக்கி, வெள்ளையடித்து, பூவும் மெழுகுவத்தியும் வைத்துவிட்டு வருவதை உங்கள் மாமியார் கும்பகோணத்தில் பார்த்திருப்பார். அதே குடும்பத்தில் பிறந்து, அமெரிக்கா வந்து, வசதியாகி, சாக்லேட் தின்று குண்டான தம்பி என்று ஹாலோவீனை அறிமுகப்படுத்துங்கள்.

அதற்குமேல் அவரிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. இது வாசல் பண்டிகை.

இந்த நாட்டில் நம் வீடுகளுக்கு வாசல் இருக்கிறதே தவிர அதற்கு வேலையே கிடையாது. கராஜ் கதவு திறக்கிறது, கார் உள்ளே போகிறது, கதவு மூடுகிறது. முன்வாசல் பார்சல்காரருக்கு மட்டும். நியூ ஜெர்சியில் இந்தத் தெருவுக்கு வந்த முதல் ஏழு மாதத்தில் எங்கள் அழைப்புமணி மூன்று முறை அடித்திருந்தால் அதிகம். அக்டோபர் 31 சாயங்காலம் இரண்டு மணி நேரத்தில் அறுபது முறை அடித்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு மகள் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. தேனீ உடையில் வந்திருந்தாள்.

இதற்கு ஒரே விதி. வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் தாண்டிப் போய்விட வேண்டும். யாரும் எழுதி வைத்ததில்லை, மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் விளக்கேற்றி, வருகிற பிள்ளைகளுக்கு இனிப்பு கொடுப்பது. இப்படிச் சொன்னபோது என் அம்மா, "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்றாள்.

ஆரம்பத்தில் இது இவ்வளவு சாதுவாக இல்லை. பையன்கள் வேலிக்கதவைக் கழற்றிக்கொண்டு போவார்கள், ஜன்னலில் சோப்பைத் தேய்ப்பார்கள். 1930களில்தான் கதவைத் தட்டி மிட்டாய் வாங்குவது நாடு முழுக்கப் பரவியது. குறும்பு செய்யாமலிருக்க ஒரு மிட்டாய். இரண்டாம் உலகப்போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்ததும் படுத்துவிட்டது, பின்னால் மறுபடி எழுந்தது. எங்கள் நியூ ஜெர்சியில் பழைய குறும்பின் மிச்சம் இன்னும் உண்டு. அக்டோபர் 30 'மிஸ்சீஃப் நைட்'. மறுநாள் காலை மரத்தில் டாய்லெட் பேப்பர் தொங்கினால் நம்மைத் தெருவில் சேர்த்துக்கொண்டார்கள் என்று பொருள். 2012இல் சாண்டி புயல் வந்து மின்சாரமில்லாமல் கிடந்தபோது, ஆளுநர் கையெழுத்துப் போட்டு ஹாலோவீனை நவம்பர் 5க்குத் தள்ளிவைத்தார். ஒரு நாள் லீவுகூட இல்லாத பண்டிகைக்கு அரசாணை!

சரி, பிணம். வீடு கட்டும்போது வெண்பூசணியில் உருண்டைக் கண்ணும் மீசையும் கோரைப்பல்லும் வரைந்து தொங்கவிட்டது யார் என்று மாமியாரிடம் கேட்டுப்பாருங்கள். வாசலில் கோர முகம் வைப்பது நமக்குப் புதிதில்லை. இதுவும் ஒற்றுமைதான், உறவு இல்லை. 12 அடியைப் பொறுத்தவரை நான் மாமியார் கட்சி. 2020இல் முதலில் விற்பனைக்கு வந்தபோது அது 299 டாலர். காசை விடுங்கள், மிச்சம் பதினொரு மாதம் அதை எங்கே படுக்க வைப்பீர்கள்? கணவருக்கு ஒரு பூசணிக்காயும் கத்தியும் கொடுங்கள்.

மேலே வட்டமாக வெட்டாமல் அடிப்பக்கம் வெட்டச் சொல்லுங்கள். காம்பைச் சுற்றி வெட்டினால் இரண்டு நாளில் மூடி சுருங்கி உள்ளே விழுந்துவிடும். அடியில் வெட்டினால் விளக்கை வைத்து மேலே கவிழ்த்துவிடலாம். உள்ளே நாராகவும் வழவழப்பாகவும் இருப்பதை இரும்புக் கரண்டியால் நன்றாகச் சுரண்ட வேண்டும். முகம் வெட்டும் பக்கம் ஓர் அங்குலக் கனத்துக்கு வரும்வரை விடக்கூடாது. தடிமன் மிச்சமிருந்தால் கண்ணும் பல்லும் வெட்ட வராது, கத்தி வழுக்கும். வெட்டிய ஓரங்களில் வாஸ்லைன் தடவுங்கள். என்ன செய்தாலும் ஒரு வாரம்தான், டெக்ஸாஸ் வெயிலில் அதுவும் இருக்காது. ஆகவே 29ஆம் தேதிக்கு முன் வெட்டாதீர்கள். உள்ளே மெழுகுவத்தி வேண்டாம், பேட்டரி விளக்கு. வால் இருக்கிற வீட்டில் தரை உயரத்தில் நெருப்பு கூடாது.

அந்தக் காயைச் சமைக்கக் கூடாதா என்று மாமியார் கேட்பார். கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். தண்ணீரும் நாரும்தான், ருசி கிடையாது. வெட்டுவதற்கென்றே வளர்த்த ரகம். சமையலுக்குச் சின்னதாக 'ஷுகர் பம்ப்கின்' என்று விற்பதை வாங்குங்கள், பால்கூட்டுக்கு அருமை. பரங்கியின் பூர்வீகமே அமெரிக்கக் கண்டம்தான். பரங்கியர் கொண்டுவந்து நமக்குப் பரங்கிக்காய் ஆனது. ஆகவே உங்கள் மாமியார் கூட்டு வைத்தால் அது ஒரு விதத்தில் பிறந்த வீட்டுச் சமையல். விதையை அலசி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் பிசறி 350 டிகிரி ஃபாரன்ஹீட் அவனில் இருபது நிமிடம். இதற்காகவே நான் வருடா வருடம் பூசணி வெட்டுகிறேன்.

ஆறு குழந்தைகளுக்கு நிறையச் சமைக்காதீர்கள், மிட்டாயைத் தவிர எதுவும் உள்ளே போகாது. டின் லிச்சிப்பழத்தின் குழிக்குள் ஒரு ப்ளூபெர்ரியை அழுத்தினால் அசல் கண்விழி. பீட்ரூட் சாறு விட்டுப் பிசைந்த மாவில் இடியாப்பம் பிழிந்தால் மூளை. இட்லிக்குக் கறுப்பு ஆலிவ் கண் வைத்தால் பேய். மிளகு வைக்காதீர்கள், என் தங்கை பெண் கடித்துவிட்டு அரைமணி நேரம் அழுதாள். உலர்திராட்சையும் வைக்காதீர்கள். காரணம் பின்னால்.

வாசலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு மட்டும் வீட்டுப் பலகாரம் கொடுக்க விடாதீர்கள். என் அம்மா இங்கிருந்த வருடம், நான் அலுவலகத்திலிருந்து வருவதற்குள் முறுக்கு சுற்றி, ஜிப்லாக் பையில் மூன்று மூன்றாகப் போட்டுத் தயாராக வைத்திருந்தாள். எனக்குத் தடுக்க மனம் வரவில்லை. குழந்தைகள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலை குப்பைத்தொட்டியை உள்ளே இழுக்கப் போனபோது நடைபாதை ஓரம் நான்கு பைகள் பிரிக்காமல் கிடந்தன. அம்மா பார்க்குமுன் பொறுக்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. முன்பின் தெரியாதவர் மிட்டாயில் விஷம் வைப்பார் என்ற பயம் இங்கே ஐம்பது வருடமாக ஊறியிருக்கிறது. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் பல வருடச் செய்திகளைத் துருவிப் பார்த்து, அப்படி அந்நியர் கொன்றதாக ஒரு சம்பவமும் உறுதியாகவில்லை என்றார். 1974இல் உங்கள் டெக்ஸாஸில் ஒரு சிறுவன் சயனைடு மிட்டாயால் இறந்தது உண்மை. கொடுத்தவன் அவன் அப்பன், காப்பீட்டுப் பணத்துக்காக. பயம் என்னவோ அண்டை வீட்டார் மேல்தான் விழுந்தது. ஆகவே கடையில் வாங்கிய, உறை பிரிக்காத மிட்டாய். வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைகளுக்குத் தனியாகக் கொஞ்சம் பென்சில், ஸ்டிக்கர். அப்படி வைத்திருக்கும் வீட்டு வாசலில் ஒரு நீலப்பச்சைப் பூசணி இருக்கும், நீங்களும் வைக்கலாம்.

இப்போது நாய். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது இது ஒன்றுதான்.

எங்கள் லாப்ரடார் கலப்பு, 27 கிலோ. ஒரு வருடம் மகன் மிட்டாய் வாங்கி நிரப்பிக் கொண்டுவந்த தலையணை உறையைச் சோபாவில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டோம். இரவு பதினொரு மணிக்கு சரசரவென்று சத்தம். போய்ப் பார்த்தால் மிட்டாய் உறைகளுக்கு நடுவில், என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. விலங்குகளுக்கான விஷமுறிவு உதவி எண் ஒன்று இருக்கிறது, ஏஎஸ்பிசிஏ என்ற விலங்குநல அமைப்பு நடத்துவது, 888-426-4435, இரவும் பகலும் எடுப்பார்கள், கட்டணம் உண்டு. நாயின் எடை என்ன, என்ன சாக்லேட், எத்தனை, எப்போது என்று கேட்டார்கள். நானும் மனைவியும் தரையில் மண்டியிட்டுக் கிழிந்த உறைகளை ஜிக்ஸா போல ஒட்டி எண்ணினோம். பன்னிரண்டு. எல்லாம் மில்க் சாக்லேட். தப்பித்தது, ஆனால் விடிய விடிய வாந்தியும் பேதியும்.

சாக்லேட்டில் இருக்கும் தியோப்ரோமின் நாய்க்குச் சீக்கிரம் செரிக்காது. நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவில் தொல்லை ஆரம்பம், 60ஐ நெருங்கினால் வலிப்பு வரலாம். மில்க் சாக்லேட்டில் 28 கிராமுக்குச் சுமார் 60 மில்லிகிராம். உங்கள் பீகிள் பத்துக் கிலோ என்றால் ஐந்தாறு குட்டி பார் போதும். டார்க் சாக்லேட் என்றால் இரண்டே போதும். அதைவிட மோசம் சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு போட்ட சுகர்ஃப்ரீ பபிள்கம், நாயின் ரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கிவிடும். உலர்திராட்சை சிறுநீரகத்தில் கைவைக்கும், இட்லிக்கண் விஷயம் அதுதான். பீகிளுக்கு மூக்குதான் உலகம், மேசை உயரமெல்லாம் அதற்கு ஒரு தடையில்லை. மிட்டாய் மூடுகிற அலமாரிக்குள் போக வேண்டும்.

உடையை முந்தின வாரமே ஒரு முறை போட்டுப் பாருங்கள். காதைப் பின்னால் மடித்து, உதட்டை நக்கி, சிலை மாதிரி நின்றுவிட்டால் அதற்குப் பிடிக்கவில்லை. "எவ்வளவு சமத்தா நிக்குது பாரு" என்று நாம் படமெடுப்பது அப்போதுதான். கழற்றிவிட்டுக் கழுத்தில் ஆரஞ்சுத் துணி கட்டினால் மகளும் சமாதானமாவாள். ஆறு மணிக்கு மேல் அதைப் பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்தி, ரேடியோவை மெல்ல வையுங்கள். அறுபது முறை மணி அடித்து, அறுபது முறை கதவு திறந்து, ஒவ்வொரு முறையும் முகமூடி போட்ட ஆள். எனக்கே குரைக்கத் தோன்றும். சந்தடியில் வெளியே ஓடிவிட்டால் இருட்டில் தேடுவது கஷ்டம், கழுத்துப்பட்டையில் உங்கள் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாசலில் ஒரு நாற்காலி போட்டு மிட்டாய்க் கிண்ணத்தை மாமியார் மடியில் வைத்துவிடுங்கள். 2024இல் தீபாவளியும் 31ஆம் தேதியே வந்தது. என் மனைவி போட்ட கோலத்தை ஓநாய், இரண்டு சூனியக்காரிகள், ஒரு வாழைப்பழம் எல்லாரும் மிதிக்காமல் தாண்டித் தாண்டி வந்தார்கள். அப்புறம், நவம்பர் 1 காலை மாமியாரைக் கடைக்குக் கூட்டிப்போங்கள். மிஞ்சின மிட்டாயெல்லாம் பாதி விலை. ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டிக்கு அன்றைக்கே வாங்கிவிடலாம்.