உணவக வைஃபையில் யாரோ இறக்கிய படம்: ஜேர்மனியில் 'அப்மானுங்' (சட்டத்தரணியின் எச்சரிக்கைக் கடிதம்) வந்தால் என்ன செய்வது?

கேள்வி: ஜேர்மனியில் ஹாம் நகருக்குப் பக்கத்தில் சிறிய உணவகம் நடத்துகிறேன். மேல்மாடியில் வீடு, மனைவியும் 17 வயது மகனும் உடன் இருக்கிறார்கள். கீழும் மேலும் ஒரே இணைய இணைப்பு, என் பெயரில். வைஃபை கடவுச்சொல்லை மெனு அட்டையிலேயே அச்சிட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை இரவு 21.47க்கும் மறுநாள் அதிகாலை 01.35க்கும் என் ஐபி முகவரியிலிருந்து ஒரு திரைப்படம் பிட்டொரன்ட் (பயனர்கள் கோப்பை ஒருவருக்கொருவர் துண்டுதுண்டாக அனுப்பும் முறை) வழியாகப் பகிரப்பட்டதாம். 950 யூரோ கேட்டும், இணைத்துள்ள உறுதிமொழியில் (இனி இப்படி நடக்காது என்ற பத்திரம்) 10 நாட்களுக்குள் கையொப்பமிடச் சொல்லியும் ஒரு சட்டத்தரணி நிறுவனம் கடிதம் அனுப்பியிருக்கிறது. வாடிக்கையாளர் யாரோ செய்ததற்கு நான் பொறுப்பா? கட்டித் தொலைத்துவிடலாமா?

பதில்: கையொப்பமிட வேண்டாம், காசும் அனுப்ப வேண்டாம். கடிதத்தை லாச்சிக்குள் போட்டு மூடிவிடவும் வேண்டாம். உங்களிடம் பத்து நாள் இருக்கிறது. அதில் முதல் இரண்டு நாளை உண்மையைக் கண்டுபிடிக்கச் செலவிடுங்கள்.

வாடிக்கையாளர் செய்திருந்தால் சட்டம் உங்கள் பக்கம். இணைய வழியைத் திறந்துவிடுபவர் அந்த வழியே போகும் தரவுக்குப் பொறுப்பல்ல. தரவை அனுப்பத் தொடங்கியவரும், பெறுபவரைத் தேர்ந்தவரும், உள்ளடக்கத்தை மாற்றியவரும் அவராக இல்லாதவரை இந்தப் பாதுகாப்பு நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டு மின்வணிக நெறிமுறை இதைச் சொன்னது. 2024 பெப்ரவரி 17 முதல் அதே விதி டிஜிட்டல் சேவைகள் ஒழுங்குவிதி 2022/2065இன் 4ஆம் உறுப்பில் இருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு மட்டும் எழுதப்பட்ட விதி இதுவென்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. மியூனிக் அருகே ஒலி, ஒளிக் கருவிகள் விற்ற மக்ஃபாடன் என்ற கடைக்காரர் வாடிக்கையாளர்களை ஈர்க்கத் திறந்த வைஃபை வைத்திருந்தார். சோனி மியூசிக்குடன் அவருக்கு ஏற்பட்ட வழக்கில் (சி-484/14) ஐரோப்பிய நீதிமன்றம் 2016 செப்டம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. தன் வியாபாரத்துக்கு விளம்பரமாக இலவச வைஃபை தருபவரும் இணைய வழங்குநரே. அவரிடம் நட்டஈடு கேட்க முடியாது.

அதே தீர்ப்பு ஒரு கதவைத் திறந்தும் வைத்தது. கடவுச்சொல் போட்டு, பயன்படுத்துபவரின் அடையாளத்தைப் பதியும்படி உத்தரவிடலாம் என்றது. ஜேர்மன் சட்டமன்றம் 2017இல் சட்டத்தைத் திருத்தி, பயனரின் மீறலுக்காக வைஃபை தருபவரிடம் நட்டஈடு, தடையுத்தரவு, எச்சரிக்கைக் கடிதச் செலவு ஆகியவற்றைக் கோர முடியாதபடி செய்தது. 'ஷ்டோரர்ஹாஃப்டுங்' (அடுத்தவரின் மீறலுக்கு இடம் கொடுத்தவர் என்ற பொறுப்பு) என்று ஊரெல்லாம் பயந்த பொறுப்பு வைஃபை தருபவர்களைப் பொறுத்தவரை அத்துடன் போயிற்று. இன்று இந்த ஏற்பாடு 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த 'டேடேகே' (DDG, ஜேர்மன் டிஜிட்டல் சேவைகள் சட்டம்) சட்டத்தின் 7ஆம், 8ஆம் பிரிவுகளில் இருக்கிறது. படத்தின் பதிப்புரிமை வைத்திருப்பவருக்கு மிஞ்சுவது ஒன்றே: வேறு வழி எதுவும் இல்லாதபோது, குறிப்பிட்ட தளத்தையோ பகிர்வு மென்பொருள் பயன்படுத்தும் இணைய வாயிலையோ (போர்ட்) தடுக்கச் சொல்வது. அதற்காக எழுதும் கடிதத்தின் செலவை உங்கள் தலையில் கட்ட முடியாது.

ஆனால் உங்களுக்கு வந்த கடிதம் உங்களை வைஃபை தருபவராகப் பார்த்து எழுதப்படவில்லை. இணைப்பின் உரிமையாளர்தான் படத்தைப் பகிர்ந்தார் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. நீதிமன்றமும் முதலில் அப்படித்தான் ஊகிக்கும். அந்த நேரத்தில் வேறு யாரும் தன்னிச்சையாக உங்கள் இணைப்பைப் பயன்படுத்தியிருக்கக்கூடும் என்று நீங்கள் காட்டினால் ஊகம் விழும். பொதுவெளிக்குத் திறந்த வைஃபைக்கும் இது பொருந்தும் என்பதை ஜேர்மன் உச்ச நீதிமன்றம் 2018 ஜூலை 26 தீர்ப்பில் (I ZR 64/17) ஏற்றது. யார் செய்தார் என்று நிரூபிப்பது உங்கள் வேலையல்ல. யார் யாருக்கு அணுகல் இருந்தது, எப்படி இருந்தது, நீங்கள் என்ன விசாரித்தீர்கள் என்பதை விவரமாகச் சொல்வது உங்கள் வேலை. 'வாடிக்கையாளர்கள் வருவார்கள், போவார்கள்' என்ற ஒற்றை வரியை நீதிபதி ஏற்கமாட்டார்.

அதனால் அந்த இரண்டாவது நேரத்தைப் பாருங்கள். அதிகாலை 01.35க்கு உங்கள் உணவகம் பூட்டியிருக்கும். அப்போதும் வைஃபை ஓடியதா? ரவுட்டரில் இரவு 23 மணிக்கு அணைக்கும் நேரக்கட்டுப்பாடு வைத்திருந்தால் வாடிக்கையாளர் கதை அங்கேயே முடிந்தது. ஓடியிருந்தால் நிலைமை வேறு. மெனுவைப் படித்த எவருடைய கைப்பேசியிலும் கடவுச்சொல் பதிந்திருக்கும். அவர் பக்கத்து வீட்டிலோ தெருமுனை பஸ் தரிப்பிலோ இருந்துகொண்டே இணையலாம். இன்றே ரவுட்டர் பக்கத்தைத் திறந்து நிகழ்வுப் பதிவு, இணைந்த கருவிகளின் பட்டியல், நேரக்கட்டுப்பாடு, விருந்தினர் வலையமைப்பு அமைப்பு ஆகியவற்றைத் திகதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். ஃபிரிட்ஸ்பொக்ஸ் வகை ரவுட்டரில் மின்சாரத்தை நிறுத்தினால் நிகழ்வுப் பதிவு அழிந்துவிடலாம். பதட்டத்தில் பலர் முதலில் செய்வது பிளக்கைப் பிடுங்குவதுதான். மெனு அட்டையின் ஒரு பிரதி, அன்று திறந்து மூடிய நேரம், வேலைக்கு நின்றவர்களின் பட்டியல் ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள்.

அதற்கு முன் மகனிடம் பேசுங்கள். மிரட்டாமல், கடிதத்தை மேசையில் வைத்துப் பேசுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு வாடிக்கையாளர் மேல் பழி போடும் பதிலைத் தயாரித்துத் தரச் சொல்பவர்கள் உண்டு, அதற்கு உடன்படக்கூடாது. அவன் செய்தான் என்று உங்களுக்குத் தெரியவந்தால், வழக்கில் பெயரைச் சொல்லவேண்டும். மறைத்தால் நீங்களே பொறுப்பேற்க வேண்டிவரும் என்று உச்ச நீதிமன்றம் 2017 மார்ச் 30 அன்று, பிள்ளையின் பெயரைச் சொல்ல மறுத்த பெற்றோரின் வழக்கில், தீர்ப்பளித்தது. தெரிந்தே பொய் சொன்னால் மோசடிக் குற்றச்சாட்டு வரை போகலாம். அவன் மறுத்து, நீங்களும் நம்பினால், அவனுக்கும் அணுகல் இருந்தது என்பதை மட்டும் சொல்லலாம். மனைவியின் கணினியைத் திறந்து சோதிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. இணையத்தில் படம் பகிரக்கூடாது என்று மகனுக்கு முன்பே சொல்லிவைத்திருந்தால், மேற்பார்வைக் கடமையில் நீங்கள் தவறவில்லை. எப்போது, எப்படிச் சொன்னீர்கள் என்பதை எழுதி வையுங்கள். 'முழுப்படத்தையும் இறக்கவில்லை, ஒரு துண்டுதான்' என்ற வாதம் எடுபடாது. டொரன்ட்டில் துண்டு அனுப்புவதும் பொதுமக்களுக்குத் தருவதே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2021 ஜூனில் (சி-597/19) சொல்லிவிட்டது.

உறுதிமொழிப் பத்திரத்துக்கு வருவோம். 'அதைத் திருத்தி எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பிவிடுங்கள், பிரச்சினை தீரும்' என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும். வீட்டில் தானே இறக்கியவருக்கு அது சரியான மருந்து. பொது வைஃபை வைத்திருப்பவருக்கு அது வலிந்து மாட்டிக்கொள்ளும் விலங்கு. பத்திரம் காலவரம்பில்லாத ஒப்பந்தம். அதே படம் அதே இணைப்பிலிருந்து மறுபடி போனால் ஒப்பந்த அபராதம் கேட்டுக் கடிதம் வரும். அப்போது சட்டம் தந்த பாதுகாப்பை விட்டு, பத்திரத்தின் வாசகங்களை வைத்துச் சண்டை போடவேண்டியிருக்கும். மகன்தான் செய்தான் என்றால் கதை மாறும்: அவன் பெயரில், அந்த ஒரு படத்துக்கு மட்டும், கடப்பாட்டை ஏற்காமல் ஆனால் சட்டப்படி கட்டுப்பட்டு, அபராதத் தொகையை நீதிமன்றம் சரிபார்க்கும்படி விட்டு எழுதிய பத்திரம் கொடுப்பதே நல்லது. தடையுத்தரவு வழக்கின் செலவு அதனால் தப்பும்.

950 யூரோவை இரண்டாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்களா பாருங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 97அ பிரிவுப்படி, பாதிக்கப்பட்டவர் யார், மீறல் எது, நட்டஈடு எவ்வளவு, சட்டத்தரணிச் செலவு எவ்வளவு என்று தனித்தனியாகக் கடிதம் சொல்லவேண்டும். உறுதிமொழி நடந்த மீறலுக்கு அப்பால் போனால் அதையும் சொல்லவேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் கடிதம் செல்லாது. உங்கள் சட்டத்தரணியின் செலவை அவர்களிடமே கேட்கலாம். வியாபாரத்துக்காக அன்றி ஒரு தனிநபர் செய்த மீறலாக இருந்தால், தடைக்கோரிக்கையின் மதிப்பை 1,000 யூரோவாக வைத்துத்தான் செலவைக் கணக்கிடமுடியும். தடைக்கோரிக்கைக்கான அந்தச் செலவு பொதுவாக 200 யூரோவைத் தாண்டாது. நட்டஈடு பேரம் பேசக்கூடியது.

வாடிக்கையாளரே காரணம் என்ற முடிவுக்கு வந்தால் பதிலை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். படத்தை நீங்கள் பகிரவில்லை, வைஃபை எந்தத் திகதியிலிருந்து யாருக்குத் திறந்திருக்கிறது, குறிப்பிட்ட இரு நேரத்திலும் அது இயங்கியது, வீட்டில் இன்னாரைக் கேட்டீர்கள், டேடேகே 7ஆம் பிரிவுப்படி கோரிக்கைகளை மறுக்கிறீர்கள். அவ்வளவு போதும். தொலைபேசியில் விளக்கம் சொல்ல வேண்டாம். கெடுவுக்குள் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

இனிமேலுக்கு: உணவகத்துக்கு விருந்தினர் வலையமைப்பைத் தனியாகப் பிரியுங்கள். 'இணைய உலாவலும் மின்னஞ்சலும் மட்டும்' என்ற தெரிவை இயக்கினால் பெரும்பாலான டொரன்ட் மென்பொருள் தடுமாறும். பெயர் பதியவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பதிந்தால் தரவுப் பாதுகாப்புக் கடமைகள் வந்து சேரும். வீட்டுப் பாவனைக்கான இணைப்பைக் கடையில் பகிர உங்கள் ஒப்பந்தம் இடம் தருகிறதா என்றும் பாருங்கள்.

பதிலுக்குப் பிறகு மாதக்கணக்கில் மௌனம் நிலவலாம். கடிதச் செலவுக்கான கோரிக்கை, ஆண்டு முடிவிலிருந்து மூன்று ஆண்டில் காலாவதியாகும். படத்தின் உரிமக் கட்டணத்துக்கு ஈடான நட்டஈட்டைப் பத்து ஆண்டு வரை கேட்கலாம். ஆகவே கோவையைத் தூக்கி எறியாதீர்கள். நீதிமன்றத்திலிருந்து மஞ்சள் உறையில் 'மான்பெஷைட்' (பணம் கட்டச் சொல்லும் நீதிமன்ற அறிவித்தல்) வந்தால் இரண்டு வாரத்துக்குள் அதனுடன் வரும் படிவத்தில் ஆட்சேபத்தைக் குறித்து நீதிமன்றத்துக்கே அனுப்பவேண்டும். காரணம் எழுதத் தேவையில்லை. உறையின் மேல் தபால்காரர் எழுதிய திகதியிலிருந்துதான் அந்த இரண்டு வாரமும் ஓடும்.