முந்திரித் தோப்பு வீட்டுக்கு எந்த நெட் நிற்கும்?

கேள்வி: பண்ருட்டியை அடுத்த காடாம்புலியூர்ப் பக்கம், முந்திரித் தோப்பை ஒட்டி எங்கள் வீடு. மகள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். இப்போதைக்கு போன் ஹாட்ஸ்பாட்தான். காலையில் நன்றாக ஓடுகிறது, சாயங்காலம் மீட்டிங்கில் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. ஊர் கேபிள்காரர் ஃபைபர் இழுத்துத் தருகிறேன் என்கிறார். 5ஜி பெட்டி வைத்தால் கம்பியே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். பஞ்சாயத்து ஆபீஸ் வரை அரசு ஃபைபர் வந்திருக்கிறதாம். எதை எடுப்பது?

பதில்: ஃபைபரை எடுங்கள் அம்மா. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் கேபிள்காரரிடம் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடியோ மீட்டிங்குக்குப் போக 3, வர 3 எம்பிபிஎஸ் (Mbps) வேகம் இருந்தாலே தாராளம். 50 எம்பிபிஎஸ் பிளான் உங்கள் வீட்டுக்குப் போதும். 300, 500 என்று சொல்லும் விளம்பரத்தை விட்டுவிடுங்கள். உங்கள் மகளுக்கு வேண்டியது வேலை நேரத்தில் லைன் அறுபடாமல் இருப்பது, அறுந்தால் அன்றைக்கே ஆள் வந்து ஒட்டித் தருவது. கிராமத்து இணைப்பை நான் இந்த இரண்டையும் வைத்துத்தான் எடைபோடுவேன்.

முதல் கேள்வி: "உங்கள் கன்ட்ரோல் ரூமிலிருந்து எங்கள் வீடு வரை நடுவில் கரண்ட் தேவைப்படும் பெட்டி ஏதாவது இருக்கிறதா?" ஜிபான் (GPON) முறையில் இழுத்த ஃபைபரில் அப்படி எதுவும் இருக்காது. வழியில் ஸ்ப்ளிட்டர் மட்டும் இருக்கும். அது ஒளியைப் பிரித்துக் கொடுக்கும் கண்ணாடிச் சமாசாரம், கரண்டே வேண்டாம். அதனால் உங்கள் ஊரில் கரண்ட் போனாலும் ஒளி வந்துகொண்டே இருக்கும், 20 கிலோமீட்டர் வரைகூட. சில ஊர்களில் செலவைக் குறைக்க, யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் கரண்டில் ஓடும் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டி ஒன்றை வைத்து அங்கிருந்து சாதா கேபிளில் பிரித்துக் கொடுக்கிறார்கள். அந்த வீட்டில் கரண்ட் போனால் தெரு முழுக்க நெட் போய்விடும். இடி மின்னலுக்கும் முதலில் பலியாவது அந்த ஸ்விட்ச்தான். கேபிள்காரர் "வீடு வரைக்கும் ஃபைபர், நடுவில் ஒன்றுமில்லை" என்று சொன்னால் சரி. "பக்கத்துத் தெருவில் ஒரு பாக்ஸ் இருக்கு" என்றால் யோசியுங்கள். அப்புறம், அவருடைய கன்ட்ரோல் ரூமில் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இணைப்பு கொடுக்க வருபவர் கையில், ஃபைபரில் வரும் ஒளியை அளக்கும் பவர் மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். கேபிளை மோடத்தில் செருகும் முன் அதை அந்த மீட்டரில் செருகச் சொல்லுங்கள். மைனஸ் 18, மைனஸ் 20 டிபிஎம் (dBm, ஒளியின் பலத்தைச் சொல்லும் அளவு) என்று காட்டினால் நல்ல லைன். மைனஸ் 25-ஐத் தாண்டினால் எங்கோ மோசமான ஒட்டு, அல்லது கேபிள் மடங்கிக் கிடக்கிறது. மைனஸ் 27, 28 என்றால் இன்றைக்கு ஓடும், நாளைக்கு நிற்கும். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். மீட்டர் காட்டும் எண்ணை போனில் படம் பிடித்து வையுங்கள். மூன்று டிபி குறைந்தாலே, அதாவது மைனஸ் 19 இருந்தது மைனஸ் 22 ஆனாலே, ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். ஆறு மாதம் கழித்து நெட் தகராறு செய்யும்போது "முதல் நாள் மைனஸ் 19 இருந்தது, இப்போது மைனஸ் 24" என்று நீங்கள் சொன்னால், மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் என்ற பதில் வராது. இந்த அளவை மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்திலும் பெரும்பாலும் பார்க்கலாம்.

கேபிள் வரும் வழியை அவரோடு ஒருமுறை நடந்து பாருங்கள். உங்கள் பக்கம் கரும்பு வெட்டு ஆரம்பித்தால், டிராக்டரில் உயரமாக ஏற்றிய கட்டு ரோட்டைக் கடக்கும் கேபிளை இழுத்துக்கொண்டு போய்விடும். ரோட்டைக் கடக்கும் இடத்தில் நன்றாகத் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். தோப்புக்குள் மரத்துக்கு மரம் கட்டி வருவதாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் உங்கள் வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். கடைசி ஐம்பது, நூறு மீட்டரைப் பைப்புக்குள் விட்டு மண்ணில் புதைக்கக் கொஞ்சம் கூடச் செலவானாலும் செய்யுங்கள். சுவர் மூலையில் கேபிளை ஒடித்து வளைக்க விடாதீர்கள், வட்டமாகத்தான் திரும்ப வேண்டும்.

இனி 5ஜி பெட்டி. ஜியோ, ஏர்டெல் இரண்டும் ஏர்ஃபைபர் என்று தருவது இதைத்தான். முதலில் உங்கள் சாயங்காலத் தொல்லை எதனால் என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் அளவு தெரியும், இதுவும் டிபிஎம்தான். காலையிலும் மைனஸ் 95, இரவு எட்டு மணிக்கும் மைனஸ் 95, ஆனால் ஸ்பீடு மட்டும் விழுகிறது என்றால் சிக்னலில் குறையில்லை. ஊரே அந்த நேரத்தில் ஒரே டவரில் வீடியோ பார்க்கிறது. அதே டவரை நம்பும் பெட்டியை வைத்து என்ன பயன்? எப்போதுமே மைனஸ் 110-க்குக் கீழே இருந்தால் மட்டும், மொட்டை மாடியில் பைப் நட்டு வைக்கும் பெட்டி நன்றாக உதவும். 5ஜி வேகத்தின் பெரும்பகுதி 3.3 முதல் 3.6 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் வருகிறது. இலை தழையைத் தாண்டுவது அதற்குச் சிரமம், மழையில் நனைந்த இலை என்றால் இன்னும் சிரமம். மாடியிலிருந்து டவர் பக்கம் மரம் மறைக்காமல் இருக்க வேண்டும். ஆன்லைனில் விற்கும் சிக்னல் பூஸ்டரை வாங்கிவிடாதீர்கள். அனுமதியில்லாமல் அதை வைப்பது சட்டப்படி குற்றம், அக்கம்பக்கத்தார் சிக்னலையும் கெடுக்கும்.

பஞ்சாயத்து ஆபீஸ் வரை வந்திருப்பது பாரத்நெட், ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுவரும் மத்திய அரசுத் திட்டம். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் வேலையை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் பார்க்கிறது. நல்ல திட்டம்தான், ஆனால் ஆபீஸிலிருந்து உங்கள் வீட்டுக்கு இழுத்துத் தரவும் பழுது பார்க்கவும் ஒருவர் வேண்டும். உங்கள் ஊரில் அந்தப் பொறுப்பு யாரிடம் என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். கேபிள்காரரே அதை எடுத்திருக்கவும் கூடும். பிஎஸ்என்எல் ஃபைபருக்கும் இதே கதைதான்: கடைசித் தூரத்தைப் பார்த்துக்கொள்பவர் உள்ளூர் ஏஜென்ட். அவர் எப்படி என்று ஏற்கெனவே லைன் வைத்திருக்கும் இரண்டு வீட்டில் விசாரியுங்கள். குறிப்பாக, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்தபோது எத்தனை நாளில் லைன் வந்தது என்று கேளுங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இல்லையென்றால், மோடத்துக்கு மட்டும் ஒரு மினி யுபிஎஸ் வாங்கிக்கொள்ளுங்கள். அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருந்தால் அதே 12 வோல்ட் கொடுப்பதாகப் பார்த்து வாங்குங்கள்; சில மணி நேரம் ஓடும். ஹாட்ஸ்பாட் சிம்மையும் ரீசார்ஜ் செய்தே வைத்திருங்கள். மோடத்தில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். அப்போது ரீஸ்டார்ட் செய்து நேரத்தை வீணாக்காமல் மகளை ஹாட்ஸ்பாட்டுக்கு மாறச் சொல்லிவிட்டு, "எல்ஓஎஸ் சிவப்பு" என்றே சொல்லிப் புகார் கொடுங்கள், புகார் எண்ணையும் வாங்கி வையுங்கள்.

வருடச் சந்தா கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்று சொல்வார்கள். இப்போதைக்கு மாதாமாதம் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் லைன் எப்படி நிற்கிறது, கூப்பிட்டால் ஆள் வருகிறாரா என்று பார்த்துவிட்டு, தை பிறந்ததும் வருடத்துக்குக் கட்டலாம்.