சிட்டிலிருந்து ஒரே ஒரு பேக்கேஜ் மட்டும் எடுக்கலாமா?

கேள்வி: டெபியன் லினக்ஸின் நிலையான பதிப்பான ஸ்டேபிளைப் பயன்படுத்துகிறேன். அதில் உள்ள டார்க்டேபிள் என்ற படத் திருத்த மென்பொருள் பழையது. புதிய பதிப்பு, இன்னும் சோதனையில் இருப்பவை வரும் 'சிட்' களஞ்சியத்தில் இருக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன?

பதில்: அது மட்டும் வராது, அதுதான் சிக்கல். சிட்டில் இருக்கும் மென்பொருள் அங்குள்ள புதிய லைப்ரரிகளை (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுதிகளை) நம்பித் தொகுக்கப்பட்டது, நீங்கள் ஒன்றைக் கேட்டால் மென்பொருளை நிறுவும் கருவியான ஆப்ட் அவற்றையும் இழுத்துக்கொண்டு வரும், பல நேரம் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியே மாறிவிடும். கணினியில் ஓடும் ஏறக்குறைய எல்லாமே அதன் மேல்தான் நிற்கின்றன. பிடிக்கவில்லை, பழையதற்கே போகிறேன் என்றால் அதுவும் சுலபமில்லை. பதிப்பைக் கீழிறக்குவதை டெபியன் ஆதரிப்பதில்லை, நிறுவும்போது ரூட் என்ற முழு அதிகாரத்தோடு ஓடும் ஸ்கிரிப்டுகள் மேலே போவதற்காகவே எழுதப்பட்டவை. டார்க்டேபிளும் தன் தரவுத்தளத்தைப் புது வடிவத்துக்கு மாற்றிவிடும், பிறகு பழைய பதிப்பால் அதைத் திறக்க முடியாது. படங்கள் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் அவற்றில் நீங்கள் செய்த திருத்தங்களின் விவரங்கள் மாட்டிக்கொள்ளும்.

பாதுகாப்பையும் யோசியுங்கள். எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு, இரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்வாசல் வைத்திருந்தது 2024 மார்ச் 29 அன்று வெளியே வந்தது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், சிட் ஓடிய கணினியில் எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து நுழைவது அரை நொடி தாமதமாவது ஏன் என்று விடாமல் தோண்டியதால்தான் பிடிபட்டது. சிட்டிலும், அடுத்த ஸ்டேபிளாகத் தயாராகும் டெஸ்டிங்கிலும் அது நுழைந்திருந்தது, ஸ்டேபிளுக்கு வரவில்லை. சோதனைப் பதிப்புகளை ஓட்டிப் பார்த்துப் பிழை சொல்பவர்களால்தான் நமக்கு நல்லது கிடைக்கிறது, அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அது தெரிந்தே ஏற்கும் வேலை, உங்கள் அன்றாடக் கணினியில் செய்யக் கூடாது.

சரி, புதிய டார்க்டேபிள் வேண்டும், அவ்வளவுதானே? முதலில் டெபியனின் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தில் தேடுங்கள், அங்கே இருப்பவை ஸ்டேபிளுக்காகவே மறுபடி தொகுக்கப்பட்டவை. இல்லையென்றால் ஃபிளாட்பேக் என்ற தனிப் பொதி வடிவில் நிறுவுங்கள். அதற்குத் தேவையான லைப்ரரிகள் தனியாக வரும், கணினியின் லைப்ரரிகளைத் தொடாது. எப்படிப் போனாலும் தரவுத்தளத்தை முன்பே நகலெடுத்து வையுங்கள். சிட்டைத்தான் பார்த்தாக வேண்டும் என்ற ஆசை இருந்தால் மெய்நிகர் கணினி ஒன்றில் நிறுவி எவ்வளவு வேண்டுமானாலும் உடைத்துப் பாருங்கள்.

ஆப்ட் எங்கிருந்து மென்பொருளை எடுக்கும் என்று சொல்லும் சோர்சஸ் பட்டியலில் ஏற்கெனவே சிட் வரியைச் சேர்த்துவிட்டு, இன்னும் எதையும் நிறுவவில்லை என்றால் இப்போதே அந்த வரியை நீக்கிவிட்டு ஆப்ட் அப்டேட் கொடுங்கள். நிறுவத் தொடங்கி ஆப்ட் கேள்வியோடு நிற்கிறதா? நீக்கப்படும் பேக்கேஜ்களின் பட்டியலை முழுக்கப் படியுங்கள், அதில் உங்கள் டெஸ்க்டாப்பின் பெயர் இருந்தால் வேண்டாம் என்பதற்கான 'N' விசையை அழுத்தி வெளியே வந்துவிடுங்கள்.