இடது கை எங்கே போகிறது?

கேள்வி: மிஸ்ஸி (நர்ஸ்) அக்காவுக்கு வணக்கம். நான் மருத்துவ மாணவன். ஆண் நோயாளிக்கு கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் டியூப்) போடும் செய்முறைத் தேர்வில் இரண்டு முறை தவறிவிட்டேன். படிகள் எல்லாம் மனப்பாடம்தான், ஆனால் பொம்மை முன்னால் நின்றதும் கை தடுமாறுகிறது, ‘ஸ்டெரைல் (கிருமியில்லாத சுத்தம்) போய்விட்டது’ என்று நிறுத்திவிடுகிறார்கள். என்ன செய்யட்டும்?
- வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: தம்பி, எனக்கு உங்கள் இடது கை மேல்தான் சந்தேகம். கோலாலம்பூரில் நான் வார்டில் இருந்தபோது மாணவர்கள் பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன்: ஆணுறுப்பைப் பிடித்த அதே கை, ஜெல் மூடியைத் திறக்கவோ நழுவிய காஸை எடுக்கவோ தன்னையறியாமல் ட்ரேக்குப் போய்விடும். உடலைத் தொட்ட கை பட்டால் ட்ரேயின் சுத்தம் போய்விடும், அவ்வளவுதான், எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. பிடித்த கை, டியூப் நழுவாமல் சிறுநீர்ப்பைக்குள் நிறுத்தும் பலூனை ஊதி முடிக்கும் வரை அங்கேயே இருக்கட்டும். அதனால் தொடுவதற்கு முன்பே ஜெல் மூடி திறந்திருக்க வேண்டும், சிரிஞ்சில் 10 மில்லி ஸ்டெரைல் தண்ணீர் ஏறியிருக்க வேண்டும், கதீட்டரின் உள்உறை நுனிப்பக்கம் கிழிந்திருக்க வேண்டும். வீட்டில் சுருட்டிய துண்டு ஒன்றை இடது கையில் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் வலது கையால் மட்டும் செய்து பழகுங்கள்.

பெயர் சரிபார்ப்பது, சம்மதம், துணைக்கு ஓர் ஆள், லேடெக்ஸ் அலர்ஜி இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். சிறுநீர்த் துவாரத்தில் ரத்தம் தெரிந்தால், இடுப்பெலும்பு அடிபட்டவராக இருந்தால், டியூபைத் தொடாமல் மூத்த டாக்டர்களைக் கூப்பிடுவேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஆணின் சிறுநீர்ப் பாதை ஏறக்குறைய 20 சென்டிமீட்டர், அதுவும் வளைந்து போகிறது. உறுப்பை நேராக நிமிர்த்திப் பிடித்து, லிக்னோகெய்ன் ஜெல்லை மெதுவாகச் செலுத்தி, மரத்துப்போக ஐந்து நிமிடம் கொடுங்கள் (தேர்வில் ‘காத்திருக்கிறேன்’ என்று சொன்னால் போதும்). சிறுநீர் வந்ததும் உடனே பலூன் ஊதாதீர்கள்! டியூபின் கண் நுனியில் இருக்கிறது, பலூன் அதற்குக் கீழே, அதாவது சிறுநீர் வரும்போது பலூன் இன்னும் பாதைக்குள்ளேயே மாட்டியிருக்கலாம். அங்கே ஊதினால் கிழிந்துவிடும். இரண்டாகப் பிரியும் கவை வரை உள்ளே தள்ளிவிட்டு, நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊதுங்கள். இடையில் தடுத்தால் முட்டித் தள்ளாமல் ஆழமாக மூச்சு விடச் சொல்லுங்கள், அப்போதும் போகவில்லையென்றால் நிறுத்திவிட வேண்டியதுதான்.

அப்புறம் முன்தோல். நம் ஊரில் சுன்னத் செய்த மலாய்க்கார நோயாளிகளிடம் பழகிய கைக்கு இந்தப் படி மறந்துபோகும், பொம்மைகள் பலவற்றிலும் அது இருக்காது. இருக்கிறதோ இல்லையோ, ‘பின்னால் தள்ளிய முன்தோலைப் பழையபடி முன்னால் கொண்டுவருகிறேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் கையுறையைக் கழற்ற வேண்டும். ஒரு விடிகாலையில் சீனத் தாத்தா ஒருவர் போர்வையை விலக்கிக் காட்டினார், இரவு டியூப் போட்டவர் தோலைத் திருப்பிவிடாததால் வளையம்போல இறுகி நுனி முழுவதும் வீங்கிக் கிடந்தது. மிஸ்ஸிகளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று இரவெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தாராம்.