மோரியார்ட்டியை யார் பார்த்தது?

அன்புள்ள சார்,

நான் குன்னூரில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை செய்கிறேன். வயது 27. நீலகிரியை வைத்து ஒரு துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். வில்லன் ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர். கோத்தகிரியில் ஒரு பங்களாவில் இருந்தபடி கலப்படத் தேயிலை, நில மோசடி, கஞ்சா, இரண்டு கொலைகள் என்று மலையில் நடக்கும் எல்லாவற்றையும் அவரே இயக்குகிறார். ஷெர்லக் ஹோம்ஸுக்கு மோரியார்ட்டி மாதிரி. எனக்குத் தெரிந்து தமிழில் சுஜாதாவின் கணேஷ்-வசந்துக்குக்கூட இப்படி ஒரு நிரந்தர எதிரி அமையவில்லை. ஏன்? அப்படிப்பட்ட மூளைக்கார வில்லனை நம்பும்படி எழுதுவது எப்படி? மோரியார்ட்டி ஒரு நிஜத் திருடனைப் பார்த்து உருவாக்கப்பட்டவன் என்கிறார்களே, உண்மையா? ஹோம்ஸா மோரியார்ட்டியா, யார் பெரிய அறிவாளி? முதல் மூன்று அத்தியாயங்களையும் கதைச் சுருக்கத்தையும் இணைத்திருக்கிறேன்.

எஸ்., குன்னூர்

அன்புள்ள எஸ்.,

மூன்று அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் படித்தேன். உங்களுக்கு எழுத வருகிறது. அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

யார் பெரிய அறிவாளி என்ற கேள்வியைப் பள்ளிக்கூடப் பையன்களிடம் விட்டுவிடலாம். நிஜத் திருடன் என்று நீங்கள் சொல்வது ஆடம் வொர்த். 1876-இல் லண்டனில் கெயின்ஸ்பரோ வரைந்த ஒரு சீமாட்டியின் ஓவியத்தைத் திருடியவர். ஜாமீனில் தம்பியை எடுக்க அதைப் பயன்படுத்தலாம் என்று திட்டம். அதற்குள் தம்பி வேறு வழியில் வெளியே வந்துவிட்டார். படத்தை விற்கவும் முடியாமல், விடவும் மனசில்லாமல் வைத்திருந்து 1901-இல் பணம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். அடுத்த வருஷம் செத்துப்போனார். அவரை மாதிரியாகக் கொண்டதாகப் பலரும் சொல்வார்கள். இருக்கலாம். எனக்கு மோரியார்ட்டியைவிட இந்த மனிதரைப் பிடித்திருக்கிறது.

தமிழில் ஏன் இல்லை என்றால், நம் கதைகளில் சூழ்ச்சிக்காரன் எப்போதும் உறவுக்காரன். சகுனி மாமா. கூனி வீட்டோடு இருப்பவள். வெளியூரிலிருந்து சம்பந்தமே இல்லாமல் ஒருவன் வந்து நம்மைக் கெடுக்க வேண்டிய அவசியம் நமக்கு இருந்ததில்லை, அதற்குச் சித்தப்பாக்களே போதும். ஹோம்ஸ் பாவம், கல்யாணம் ஆகாதவர், சொந்தம் என்று ஒரே ஒரு அண்ணன். அவருக்கு எதிரியையும் வெளியிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருந்தது. இந்தக் கேள்விக்கு இவ்வளவு போதும்.

அடுத்து அந்த ரயில் துரத்தல். ஹோம்ஸை மோரியார்ட்டி தனி ரயிலில் துரத்துவது போல உங்கள் பேராசிரியரும் மலை ரயிலுக்குப் பின்னால் தனி எஞ்சினில் வருகிறார். தம்பி, நீங்கள் குன்னூர்க்காரர்தானே? கல்லாறிலிருந்து பல்சக்கரத்தில் ஏறிவருகிற அந்த ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரையிலான 46 கிலோமீட்டருக்கு அரை நாளை விழுங்குகிறது. பயணிகள் இறங்கிப் படம் எடுத்துவிட்டு ஏறுகிறார்கள். இதில் துரத்தலா? பேராசிரியர் பஸ்ஸில் போயிருந்தால் முன்னாடியே போய் உட்கார்ந்து டீ குடித்திருப்பார். கேத்தரின் அருவியில் கடைசிச் சண்டை வேறு. ஹோம்ஸும் மோரியார்ட்டியும் மோதியது சுவிட்சர்லாந்தின் ரைஷன்பாக் அருவியில், அதனால் கோத்தகிரியில் கேத்தரின் அருவியா? அடித்துவிடுங்கள்.

சரி, மோரியார்ட்டிக்கு வருகிறேன். இவரைப் பற்றி ரொம்ப நாளாக எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது.

1893 டிசம்பரில் வந்த கதையில்தான் அவர் முதன்முதலாக வருகிறார், அதே கதையில் சாகவும் செய்கிறார். ஹோம்ஸை எழுதி அலுத்துப்போன கானன் டாயில், 1891-லேயே ஹோம்ஸைக் கொன்றுவிடப் போவதாகத் தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். அம்மா கூடாது என்றார். கொலை இரண்டு வருஷம் தள்ளிப்போயிற்று. பிறகு அந்த ஒரு வேலைக்கென்று ஓர் ஆளைப் பிடித்தார், அவர்தான் மோரியார்ட்டி. ஹோம்ஸ் கதைகள் மொத்தம் 60. இவருக்கு நேரடியாக வேலை இருப்பது இரண்டில் மட்டும்.

அந்த முதல் கதையை இப்போது மறுபடி எடுத்துப் படியுங்கள். மோரியார்ட்டி என்ற பேரைக் கேள்விப்பட்டிருக்கிறாயா என்று ஹோம்ஸ் கேட்கிறார். இல்லவே இல்லை என்கிறார் வாட்சன், நமக்குக் கதை சொல்கிற அவருடைய நண்பர். (1914-இல் எழுதப்பட்ட, அதற்கு முந்தைய காலத்தில் நடக்கிற நாவலில் இதே வாட்சனுக்கு மோரியார்ட்டியை நன்றாகத் தெரியும். கானன் டாயில் இதையெல்லாம் சரிபார்க்கிற ஆள் இல்லை.) பேராசிரியர் ஹோம்ஸின் வீட்டுக்கு வந்து மிரட்டிய காட்சி இருக்கிறதே, முன்னால் துருத்திய நெற்றி, பாம்பு மாதிரி இப்படியும் அப்படியும் ஆடுகிற முகம், எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்ட காட்சி, அப்போது வாட்சன் அங்கே இல்லை. ஹோம்ஸ் சொல்லித்தான் அவருக்குத் தெரியும், அவர் சொல்லி நமக்குத் தெரியும். வாட்சன் தன் கண்ணால் பார்த்தது என்ன? ரயில் கிளம்பும்போது கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கையசைத்தபடி வந்த உயரமான ஒருவரை. அப்புறம் அருவிப் பாதையில் வேகமாக நடந்துபோன ஒரு கறுப்பு உருவத்தை. கடைசியில் விளிம்பு வரை போன இரண்டு ஜோடிக் காலடிகள், திரும்பி வந்த தடம் இல்லை. அவ்வளவுதான்.

பின்னால் வந்த நாவலில் ஒரு இன்ஸ்பெக்டர் மோரியார்ட்டியை நேரில் போய்ப் பார்க்கிறார். பேராசிரியர் அவருக்கு ஒரு விளக்கையும் உலக உருண்டையையும் வைத்துக் கிரகணத்தைப் புரியவைக்கிறார். இன்ஸ்பெக்டர் மனிதரை மெச்சியபடி திரும்பி வருகிறார். ஹோம்ஸுக்கு இந்தப் பேராசிரியர் விஷயத்தில் கொஞ்சம் கிறுக்கு என்று போலீஸ் வட்டாரத்தில் பேச்சு. ஹோம்ஸ் காட்டுகிற ஆதாரம் என்ன? பேராசிரியரின் சம்பளம் வருஷத்துக்கு 700 பவுண்டு. அவர் அறைச் சுவரில் தொங்குகிற ஓவியத்தின் விலையோ அந்தச் சம்பளத்தில் கனவிலும் வாங்க முடியாதது. அதாவது வருமானத்துக்கு அதிகமாகச் சொத்து சேர்த்த வழக்கு! நம் ஊரில் இதற்கு மாஸ்டர்மைண்ட் என்று பட்டம் கொடுக்க ஆரம்பித்தால் இடம் போதாது.

மற்றதெல்லாம் ஹோம்ஸின் உணர்வு. கள்ளக் கையெழுத்தோ திருட்டோ கொலையோ, எதைத் துப்பறிந்தாலும் அதற்குப் பின்னால் ஒரே சக்தி இருப்பதாகப் பல வருஷமாக உணர்கிறேன் என்கிறார். தகவல் கைக்கு வருமுன் முடிவு கட்டாதே என்று வாட்சனுக்குப் பாடம் எடுத்த அதே மனிதர். அந்த மூளை செய்த ஒரு குற்றத்தையாவது முதல் கதையில் நாம் முழுசாகப் பார்க்கிறோமா? இல்லை. பார்க்காததால்தான் நம்புகிறோம். அது டாயிலின் சாமர்த்தியம். இரண்டாம் அத்தியாயத்திலேயே உங்கள் பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்து பூனையைத் தடவிக்கொண்டு நாலு பக்கத்துக்குத் தன் திட்டத்தை விளக்கிவிட்டார். அதற்கப்புறம் அவர் மேல் எனக்கு இருந்த பயம் அவருடைய பென்ஷன் எப்போது வரும் என்ற கவலையாக மாறிவிட்டது.

ஹோம்ஸ் சொன்ன மாதிரியே சொல்லிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும், என் பெரியப்பா. கோத்தகிரிக்குக் கீழே இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருந்தார். தொண்ணூறுகளின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்ததே, நீங்கள் அப்போது பிறந்திருந்தாலே அதிகம், வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். டானிங்டன் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு பெரியப்பா சொல்வார்: "எல்லாம் ஒருத்தன் வேலைடா. குன்னூர்ல உக்காந்துகிட்டு அவன் விரலை அசைக்கிறான், இங்க நம்ம அடுப்பு அணையுது." யார் அந்த ஒருத்தன் என்றால் முதலில் ஒரு ஏலப் புரோக்கர். அப்புறம் ஒரு ஃபேக்டரி முதலாளி. அப்புறம் யாரோ ஒரு அரசியல்வாதியின் மச்சான். இவர்களில் ஒருவரையும் அவர் பார்த்ததில்லை. பழைய டைரி ஒன்றில் இலை விலை, ஏல விலை, உரத்தின் விலை, பஸ் வராத நாள் எல்லாவற்றையும் எழுதி ஒன்றோடு ஒன்று கோடு போட்டு இணைத்து வைத்திருந்தார். பஸ் வராததும் அவன் வேலைதான்.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் மேதாவி மாதிரி விளக்கினேன். தென்னிந்தியத் தேயிலையை அள்ளிக்கொண்டு போன சோவியத் யூனியன் 1991-இல் உடைந்துவிட்டது, 1998-இல் ரூபிளும் விழுந்துவிட்டது, இங்கே தோட்டங்களும் கூடிவிட்டன, வாங்க ஆள் குறைந்துவிட்டது என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ருசியாக்காரன் எதுக்குடா என் தோட்டத்துக்கு வரணும்?" ஆள் என்று ஒருவன் இருந்தால் என்றைக்காவது போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். ரூபிளின் சட்டையை எப்படிப் பிடிப்பது?

இன்னொன்று நடந்துகொண்டிருந்தது, அது அவர் டைரியில் இல்லை. நாங்கள் இலை கொடுத்த ஃபேக்டரியில் எடை போடுபவர் ஈரத்துக்கு என்று மூட்டைக்கு இவ்வளவு கிலோ கழித்துவிடுவார். காய்ந்த இலைக்கும் கழிப்பார். எப்படியும் கழிக்கப் போகிறார்கள் என்று பெரியப்பா மூட்டைக்குள் தண்ணீர் தெளிப்பார், அடியில் முற்றின இலையைத் திணிப்பார். தண்ணீர் தெளிக்கிறார்கள் என்று அவர்கள் இன்னும் கொஞ்சம் கழிப்பார்கள். அந்த முற்றின இலையில் தயாரான தூள் ஏலத்தில் படுத்துவிடும். விலை இன்னும் இறங்கும். பெரியப்பா இன்னும் கொஞ்சம் தெளிப்பார். சொல்லுங்கள், இதில் யார் மோரியார்ட்டி?

என் பெரியப்பாவை நான் கேலி செய்யவில்லை. இரண்டு ஏக்கரை வைத்துக்கொண்டு பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய வேண்டிய மனிதருக்கு ஒரு எதிரி தேவைப்பட்டான். ஆனால் எழுதுகிற உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. கலப்படத் தேயிலையை எடுத்துக்கொள்ளுங்கள். கழித்துப்போட்ட டீ வேஸ்ட்டை வாங்கிப் புதுத் தூளோடு கலந்து விற்பதற்குக் கணிதப் பேராசிரியர் எதற்கு? ஒரு குடோன், ஒரு மினி லாரி, கண்டுகொள்ளாத நாலு பேர் போதும். அந்த நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். உங்கள் இன்ஸ்பெக்டர் அதைக் கண்டுபிடிக்கட்டும், அது கஷ்டம். பங்களாக் கதவைத் தட்டுவது சுலபம்.

மோரியார்ட்டி கும்பலில் உங்களுக்கு உபயோகப்படுகிற ஆள் ஒருவன் உண்டு. கர்னல் மோரன். பெங்களூர் பயனியர்ஸ் படையில் இருந்தவன் என்றே எழுதியிருக்கிறார் டாயில். இந்தியாவில் புலி வேட்டையில் பேர் வாங்கியவன், காயம்பட்ட ஆட்கொல்லிப் புலியைத் தொடர்ந்து ஒரு சாக்கடைக்குள் ஊர்ந்து போனவன். பெங்களூர்ப் பட்டாளத்துத் துரைமார்களுக்குக் கோடைக்கும் வேட்டைக்கும் நம் மலைதான் பக்கம். வேட்டைக்குக் கட்டுப்பாடு வைத்து 1879-லேயே நீலகிரிக்கென்று தனிச் சட்டம் போடுகிற அளவுக்கு இங்கே சுட்டுத்தள்ளியிருக்கிறார்கள். மோரன் கற்பனை ஆள்தான். இருந்தாலும் அவன் ஒரு தடவையாவது நீலகிரியின் சீகூர்க் காட்டுப் பக்கம் துப்பாக்கியோடு திரிந்திருப்பான் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அவ்வளவு பெரிய வீரன் கடைசியில் எதற்காக மாட்டிக்கொள்கிறான்? ஒரு பையனைக் கொன்றதற்காக. அவன் சீட்டாட்டத்தில் ஏமாற்றியதை அந்தப் பையன் கண்டுபிடித்துவிட்டான் போலிருக்கிறது என்கிறார் ஹோம்ஸ். சில்லறை விவகாரம். இதை என்னால் நம்ப முடிகிறது.

உங்கள் மூன்றாம் அத்தியாயத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார், நீங்கள்தான் கவனிக்கவில்லை. நகைக்கடன் ரெஜிஸ்டரில் ஒரு எடையைத் திருத்திவிட்டு, சாயங்காலம் பையனுக்கு வர்க்கி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற அந்த மதிப்பீட்டாளர். ஒன்றரைப் பக்கம்தான் வருகிறார். அந்தத் திருத்தத்தை அவர் எந்தப் பேனாவில் செய்தார் என்பது வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். வங்கியில் வேலை செய்கிறவருக்குத்தான் அது தெரியும். பேராசிரியரை ஒருவரும் பார்க்க வேண்டாம், இன்ஸ்பெக்டர் மட்டும் அவர் இருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருக்கட்டும். பூனையை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மதிப்பீட்டாளரை முதல் அத்தியாயத்துக்குக் கொண்டுவந்து திருத்தி அனுப்புங்கள், படிக்கிறேன். எழுத்துரு இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.