கடலோரக் கஃபேயில் அலுவலகம்: ஹுவா ஹின் போகிறவர்களின் கேள்விகள்

தாய்லாந்தின் ஹுவா ஹின் பற்றி இந்த முறை ஐந்து கேள்விகள் சேர்ந்துவிட்டன. பாங்காக்கிலிருந்து தெற்கே சுமார் 200 கிலோமீட்டரில், ரயிலிலேயே போய்ச் சேரக்கூடிய கடற்கரை ஊர் அது. கேட்டிருப்பவர்கள் எல்லோரும் லேப்டாப்போடு போகிறவர்கள். அதனால் சுற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டு, பணம் எங்கே வீணாகிறது என்பதை மட்டும் பேசுவோம்.

கேள்வி: கோவையில் ஐடி வேலை. எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்று இரண்டு மாதம் அனுமதி கிடைத்திருக்கிறது. நம்மூர் நேரப்படி காலை 9 முதல் மாலை 6 வரை ஆன்லைனில் இருக்க வேண்டும். ஹுவா ஹினில் மலிவாக ஓர் அறை எடுத்துக்கொண்டு, பகல் முழுக்க கஃபேயில் உட்காரலாம் என்று நினைக்கிறேன். காபிக்கு மாதம் எவ்வளவு ஒதுக்கலாம்? நெடுநேரம் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்வார்களா?

பதில்: காபி விலைக்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். தாய்லாந்து நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. உங்கள் 9 மணி அங்கே 10.30, உங்கள் 6 மணி அங்கே இரவு 7.30. தனியார் நடத்தும் சின்ன கஃபேக்களில் பல காலை 7, 8 மணிக்குத் திறந்து மாலை 5 மணி வாக்கில் மூடிவிடுபவை. கடைசி ஆர்டர் அதற்கும் அரை மணி முன்பே முடிந்துவிடும். அதாவது, நம்மூரில் மூன்றரை மணிக்கு நீங்கள் முக்கியமான மீட்டிங்கில் இருக்கும்போது அங்கே நாற்காலியைக் கவிழ்த்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்திருப்பார்கள். கஃபே காலைக்கு நல்ல இடம். நீங்கள் வேலை தொடங்குவதே அங்கே காலை முடிகிற நேரத்தில்தான்.

மாலைக்கு மால்கள் இருக்கின்றன. பெட்காசெம் சாலையிலேயே மார்க்கெட் வில்லேஜ், புளூபோர்ட் என்று இரண்டு. அங்கே உள்ள கஃபேக்கள் இரவு வரை திறந்திருக்கும்; ஏசியும் உண்டு. ஆனால் சத்தம் அதிகம், ஹெட்போன் இல்லாமல் முடியாது.

இனி பணம். ஒரு நாளுக்கு இரண்டு பானம் 80 பாட் வீதம், மதியச் சாப்பாடு 150 பாட் என்று வைத்துக்கொண்டால் 310 பாட். மாதம் 22 வேலை நாளுக்கு 6,820 பாட். ஒரு பாட்டை இரண்டரை ரூபாய்க்கு மேல் என்றே கணக்குப் போடுங்கள். மதியம் எப்படியும் சாப்பிடத்தான் வேண்டும். அதைக் கழித்தாலும் பானத்துக்கு மட்டும் 3,520 பாட் நிற்கிறது. அந்தத் தொகையில் பெரும்பகுதியை வாடகையில் கூட்டி, நல்ல மேசையும் முதுகு சாயும் நாற்காலியும் சொந்த இணைப்பும் உள்ள அறையாக எடுங்கள். மலிவான அறையும் நாள் முழுக்க கஃபேயும் என்ற திட்டம் இந்திய நேரத்தில் வேலை செய்கிறவருக்கு ஒத்து வராது என்பதே என் கருத்து.

எழுந்திருக்கச் சொல்வார்களா என்றால், பெரும்பாலும் மாட்டார்கள். அடுத்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற கூச்சம் அவர்களுக்கு அதிகம். ‘கிரெங் ஜாய்’ என்று அதற்குத் தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். அதனால் நாமாகத்தான் தெரிந்து நடக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஏதாவது வாங்குங்கள். மதியக் கூட்டத்தில் நாலு பேர் மேசையைத் தனியாளாகப் பிடித்து வைக்காதீர்கள். போன் பேச வெளியே போய்விடுங்கள். வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு வரை பாங்காக்வாசிகள் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள்; சின்னக் கடைகளுக்கு வருமானமே அந்த நாட்களில்தான். அன்று லேப்டாப்பை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். முதல் நாள் உட்காருமுன் ‘நங் தம் ஙான் டாய் மை?’ என்று கேளுங்கள், ‘உட்கார்ந்து வேலை செய்யலாமா?’ என்று பொருள். வேலைக்கு அவர்கள் சொல் ‘ஙான்’. சிறு வயதில் ங வரிசையை ஒப்பித்த நம் நாக்குக்கு அது கஷ்டமே இல்லை.

கேள்வி: டிடிவி விசா எடுத்தால்தான் லேப்டாப் வேலை செய்யலாம் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். பெரிய தொகை கேட்கிறார். இரண்டு மாதத்துக்கு அது தேவையா? (திருச்சி வாசகி)

பதில்: டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா என்ற அந்த டிடிவி 2024 ஜூலையில் வந்தது. ஐந்து ஆண்டு செல்லும், எத்தனை முறையும் போய் வரலாம், ஒவ்வொரு முறையும் 180 நாள் வரை தங்கலாம். வயது 20 நிறைந்திருக்க வேண்டும், 5 லட்சம் பாட் இருப்பைக் காட்ட வேண்டும், வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்வதற்கான கடிதம் வேண்டும். அடிப்படைக் கட்டணம் 10,000 பாட். எந்தத் தூதரகம் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். மறுத்துவிட்டால் கட்டணம் திரும்பி வராது. தாய்லாந்துக்கு வெளியே இருந்துதான் விண்ணப்பிக்க முடியும்.

வருடத்தில் பல மாதம் அங்கே இருக்கப் போகிறவர்களுக்கு அது நல்ல விசா. ஒரே ஒரு முறை இரண்டு மாதம் போய்வர இத்தனை செலவு தேவையா என்று யோசியுங்கள். விசா இல்லாமல் இந்தியப் பாஸ்போர்ட்டில் நுழைய 2023 நவம்பரில் 30 நாள் தந்தார்கள், 2024 ஜூலையில் அது 60 நாளானது. இப்படி மாறிக்கொண்டே வரும் விதி என்பதால், டிக்கெட் போடும் அன்றே தூதரகத் தளத்தில் பார்த்துவிடுங்கள். ஆனால் அந்த அனுமதி சுற்றுலாவுக்கானது. அங்கே தங்கிக்கொண்டு லேப்டாப் வேலை செய்யலாம் என்று தெளிவாக எழுதப்பட்டிருப்பது டிடிவியில்தான். தாய்லாந்துக் கடைக்கோ நிறுவனத்துக்கோ வேலை செய்து சம்பாதிப்பது இரண்டிலுமே கூடாது, அதற்கு வொர்க் பெர்மிட் வேண்டும். உங்கள் நிறுவனத்தின் அனுமதியையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஏஜென்ட் தேவையில்லை. அரசின் இ-விசா தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். முகவரி ‘கோ டாட் டிஎச்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். தாய்லாந்து அரசுத் தளங்களுக்கு அதுதான் அடையாளம். அப்புறம், 2025 மே 1 முதல் விமானம் ஏறுமுன் டிஜிட்டல் வருகை அட்டை ஒன்றை நிரப்ப வேண்டும். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம், கட்டணமே கிடையாது. அதற்குப் பணம் கேட்கும் எந்தத் தளமும் அரசுத் தளம் அல்ல, உடனே மூடிவிடுங்கள்.

கேள்வி: மாத வாடகைக்கு ஒரு காண்டோ (அடுக்குமாடி வீடு) பார்த்திருக்கிறேன். ‘அதிவேக வைஃபை’ என்று விளம்பரத்தில் இருக்கிறது. முன்பணம் அனுப்பலாமா? (மதுரை)

பதில்: அனுப்பாதீர்கள், முதலில் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, அறைக்குள், மேசை போடும் இடத்தில், இரவு எட்டு மணிக்கு எடுத்த வேகச் சோதனையின் படம். இதை ஏன் இவ்வளவு குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், ஒருமுறை இதே மாதிரி விளம்பரத்தை நம்பி நான் ஒரு மாத வாடகையை முழுசாகக் கட்டினேன். ரவுட்டர் வராந்தாவில் இருந்தது, பத்து அறைக்கும் அது ஒன்றுதான். அந்த மாதம் முழுக்க மீட்டிங்கெல்லாம் படிக்கட்டில் உட்கார்ந்துதான். கட்டிய பணம் திரும்பவில்லை, ஏனென்றால் வேகம் இவ்வளவு என்று எழுத்தில் நான் எதையும் வாங்கியிருக்கவில்லை.

இரண்டு, மின்கட்டணம். அரசு வாங்குவது யூனிட்டுக்கு ஏறக்குறைய 4 பாட். உரிமையாளர்கள் சிலர் 7, 8 என்று வைப்பார்கள். பகல் முழுக்க ஏசி போட்டு உட்காரும் உங்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. யூனிட் விலையை எழுதி வாங்குங்கள், போன அன்றே மீட்டரைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

மூன்று, வெளிநாட்டவர் தங்குவதை 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிப்பாரா? டிஎம் 30 என்று சொன்னால் புரியும். அது உரிமையாளரின் கடமை. மழுப்புகிறவர் வீட்டை விட்டுவிடுங்கள். ஒரு வாரம், பத்து நாள் என்று காண்டோ தருகிறவர்களிடமும் கவனம் வேண்டும். ஹோட்டல் உரிமம் இல்லாமல் நாள், வார வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு என்று 2018-இல் ஹுவா ஹின் நீதிமன்றமே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. முழு மாதமாக எடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

முதல் மூன்று நாள் ஹோட்டலில் தங்கி, நேரில் பார்த்து முடிவு செய்வதுதான் என் யோசனை.

கேள்வி: நம்மூர் லேப்டாப் சார்ஜர் அங்கே வேலை செய்யுமா? சிம் எங்கே வாங்க? (ஈரோடு)

பதில்: மின்சாரம் அங்கே 220 வோல்ட், ஏறக்குறைய நம்மூர் அளவுதான், கன்வெர்ட்டர் வேண்டாம். ஆனால் நம் தடித்த மூன்று பின் பிளக் நுழையாது. போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு உருண்டை பின் நுழையும். ஒரு நல்ல அடாப்டரும், நம்மூர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் எடுத்துப் போனால் எல்லாவற்றுக்கும் போதும். கஃபேயில் எல்லா மேசைக்கும் பிளக் இருக்காது, முழு சார்ஜோடு போங்கள். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட் அவர் வரும். 100-க்குள் இருப்பதால் கைப்பையில் கொண்டு போகலாம், லக்கேஜில் போடக் கூடாது.

சிம்முக்கு ஏஐஎஸ், ட்ரூ இரண்டும்தான் பெரியவை. டிடாக் 2023-இல் ட்ரூவோடு இணைந்துவிட்டது. பாஸ்போர்ட் கட்டாயம். ‘அன்லிமிடெட்’ என்று எழுதியிருந்தால் எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும், ஹாட்ஸ்பாட் போட அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: மெனுவில் 100 பாட், பில்லில் கிட்டத்தட்ட 118 பாட். ஏமாற்றுகிறார்களா? (சென்னை)

பதில்: மெனுவின் ஓரத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்ததா? 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதன் மேல் 7 சதவீதம் வாட் வரி என்று அதற்குப் பொருள். 100 பாட் 110 ஆகி, பிறகு 117.70 ஆகும். ஹோட்டல்களிலும் பெரிய உணவகங்களிலும் இது வழக்கம். சாதாரண கஃபேயில் போட்ட விலையே முழு விலையாக இருக்கும். மெனுவில் எங்குமே சொல்லாமல் பில்லில் கூட்டியிருந்தால் தயங்காமல் கேளுங்கள். தீரவில்லை என்றால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155, நுகர்வோர் பாதுகாப்பு வாரியம் 1166. பில்லையும் மெனுவையும் அங்கேயே படம் எடுத்து வையுங்கள்.

கார்டு தேய்க்கும்போது ரூபாயா பாட்டா என்று மெஷின் கேட்டால் பாட் என்றே அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த மாற்று விலையில் நஷ்டம் உங்களுக்கு. ஏடிஎம்மில் ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிப்பார்கள், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல் ஒரே தடவையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.