அந்த ஒரு அப்டேட்டை மட்டும் மறைக்க முடியுமா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஓடுகிறது. ஆடியோ டிரைவர் ஒன்று அப்டேட்டில் வந்து இறங்கியதிலிருந்து ஸ்பீக்கரில் கரகரவென்று சத்தம். பழைய டிரைவரைப் போட்டால் சரியாகிவிடுகிறது. ஆனால் இரண்டே நாளில் அதே அப்டேட் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்டேட்டையே மொத்தமாக நிறுத்திவிடலாமா?"

மொத்தமாக நிறுத்த வேண்டாம். தொல்லை தருவது ஒன்றே ஒன்று என்றால் அதை மட்டும் மறைத்துவிடலாம்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று ஒரு பகுதி இருக்கும். அந்த டிரைவர், அதாவது ஸ்பீக்கரை விண்டோஸ் இயக்க உதவும் சின்ன மென்பொருள், இங்கே மட்டும்தான் தென்படுகிறதா? அப்படியானால் கவலையே இல்லை. நீங்களாக டிக் போடாதவரை அது இறங்காது. டிக் போடாமலே தானாக இறங்குகிறது என்றால்தான் அடுத்த வேலை.

விண்டோஸ் 7 காலத்தில் வேண்டாத அப்டேட்டின் மேல் ரைட் கிளிக் செய்து மறைத்துவிடலாம். விண்டோஸ் 10 வந்தபோது அந்த வசதி போய்விட்டது. அதற்குப் பதிலாக 'ஷோ ஆர் ஹைட் அப்டேட்ஸ்' என்ற சின்னக் கருவியை மைக்ரோசாஃப்டே 2015இல் வெளியிட்டது. இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை, திறந்தாலே ஓடும். இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: இன்னும் இறங்காமல் வரிசையில் காத்திருக்கும் அப்டேட்டைத்தான் இந்தக் கருவி பட்டியலில் காட்டும். ஏற்கெனவே ஏறிவிட்ட டிரைவரை எவ்வளவு தேடினாலும் அங்கே கிடைக்காது. கருவி வேலை செய்யவில்லை என்று பலர் கைவிடுவது இதனால்தான்.

ஆகவே வரிசை முக்கியம். நெட் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். டிவைஸ் மேனேஜரில் ஆடியோ சாதனத்தின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். டிரைவர் என்ற தாவலில் தேதியும் வெர்ஷன் எண்ணும் இருக்கும். கரகரப்பு தரும் இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அப்புறம் 'ரோல் பேக் டிரைவர்' பட்டனை அழுத்துங்கள். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் கணினியில் சேமிப்பில் இல்லை என்று பொருள். அப்போது லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பழைய வெர்ஷனை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு அதைப் போட வேண்டும். கேட்டால் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். சத்தம் சரியாகிவிட்டதா என்று ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இப்போது நெட்டை இணைத்து, முதல் வேலையாக அந்தக் கருவியைத் திறங்கள். 'ஹைட் அப்டேட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் வரும். உங்கள் டிரைவரின் பெயருக்கு நேரே டிக் போட்டு நெக்ஸ்ட் கொடுங்கள். அவ்வளவுதான். மனம் மாறினால் அதே கருவியில் 'ஷோ ஹிடன் அப்டேட்ஸ்' வழியாகத் திரும்பக் கொண்டுவரலாம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தக் கருவி ஓடுவதற்குத் தேவையான பழைய டிரபிள்ஷூட்டர் (கோளாறு கண்டுபிடிக்கும்) அமைப்பை விண்டோஸிலிருந்து படிப்படியாக நீக்கப்போவதாக 2023இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. உங்கள் கணினியில் கருவி திறக்கவில்லை என்றால் வேறு வழிக்குப் போக வேண்டியதுதான். ஸ்டார்ட் மெனுவில் 'டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்' என்று தேடி, வரும் கேள்விக்கு 'நோ' கொடுத்துப் பார்க்கலாம், எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. விண்டோஸ் ப்ரோ வைத்திருப்பவர்களுக்கு இதைவிட உறுதியான வழி, விண்டோஸின் விதிகளை மாற்ற உதவும் குரூப் பாலிசி எடிட்டர். அதில் விண்டோஸ் அப்டேட் பகுதியில் 'டூ நாட் இன்க்ளூட் டிரைவர்ஸ் வித் விண்டோஸ் அப்டேட்ஸ்' என்று ஒரு பாலிசி இருக்கும். அதை 'எனேபிள்டு' ஆக்க வேண்டும். பாலிசியின் பெயரிலேயே 'வேண்டாம்' இருப்பதால் சிலர் குழம்பி 'டிசேபிள்டு' வைத்துவிடுகிறார்கள், அப்போது எதுவும் தடைபடாது. இந்த வழிகள் பலித்தால் எல்லா டிரைவர்களையும் சேர்த்தே தடுக்கும் என்பதை மறக்காதீர்கள். பிறகு புதுச் சாதனம் எதையாவது மாட்டினால் அதன் டிரைவரை நீங்களே தேடிப் போட வேண்டியிருக்கலாம்.

டிரைவர் விஷயம் இப்படி. மாதாமாதம் வரும் விண்டோஸ் அப்டேட் விஷயம் வேறு. அது ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளிவரும். முந்தைய மாதங்களின் திருத்தங்களையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வரும். இந்த மாதத்து மூட்டையை மறைத்தால் அதே சரக்கு அடுத்த மாதத்து மூட்டையில் வந்துவிடும். அங்கே மறைப்பதைவிடத் தள்ளிப்போடுவதுதான் பொருத்தம். 'பாஸ்' (Pause) வசதியில் ஐந்து வாரம் வரை தள்ளலாம். நான் ஒரு வாரம் தள்ளுவேன், அதற்குள் பெரிய குளறுபடி இருந்தால் செய்தி வந்துவிடும். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய கோப்புகளையே அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி, சரிசெய்து, நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டது. அவசரப்படாமல் காத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

காத்திருப்பதற்கும் கதவை அடைப்பதற்கும் உள்ள வித்தியாசம் 2017இல் தெரிந்தது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீய மென்பொருள் பரவியது அந்த ஆண்டு மே மாதத்தில். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. இரண்டு மாதமாகியும் அதைப் போடாத கணினிகள் உலகம் முழுக்க மாட்டிக்கொண்டன. இதனால்தான் விண்டோஸ் அப்டேட் சர்வீஸையே நிறுத்தச் சொல்லும் யோசனைகளையும், 'அப்டேட் பிளாக்கர்' என்று கிடைக்கும் இலவச மென்பொருள்களையும் ஒதுக்கிவிடுங்கள் என்கிறேன். விண்டோஸோடு வரும் டிஃபென்டர் ஆன்டிவைரஸின் வைரஸ் பட்டியலும் வழக்கமாக இதே வழியில்தான் வருகிறது. அதை அடைத்துவிட்டு ஸ்பீக்கர் கரகரப்பைச் சரிசெய்வது நல்ல பேரம் இல்லை.

கடைசியாக, மறைத்தது அந்த ஒரு வெர்ஷனை மட்டுமே. தயாரிப்பாளர் அடுத்த வெர்ஷனை வெளியிட்டால் அது புது அப்டேட்டாக மறுபடி வரும். மறைத்தது வீணாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். தாளில் எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். எண் வேறாக இருந்தால், கரகரப்பு அதில் தீர்ந்திருக்கவும் கூடும், போட்டுப் பாருங்கள். அதற்கு முன் பழைய டிரைவரின் கோப்பு ஒரு ஃபோல்டரில் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.